ஏப்பமாகப் போகும் தீவனம்: மாட்டு மீத்தேனைக் குறைக்கும் சேர்மானங்கள் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது

உலர் எடையில் நாளுக்கு 10 கிலோ தீவனம் தின்னும் ஒரு கலப்பினக் கறவை மாடு, அதே நாளில் ஏறத்தாழ 215 கிராம் மீத்தேனை வெளியே விடுகிறது. இந்த எண் எப்படி வருகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரு கிலோ உலர் தீவனத்தில் உள்ள மொத்த ஆற்றல் சுமார் 18.45 மெகாஜூல், 10 கிலோவுக்கு 184.5. அதில் 6.5 சதவீதம் மீத்தேனாகப் போகிறது என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் விகிதம். அதாவது 12 மெகாஜூல். ஒரு கிலோ மீத்தேனில் 55.65 மெகாஜூல் ஆற்றல் உண்டு என்பதால் 12 மெகாஜூலுக்கு 215 கிராம். ஆண்டுக்கு 78 கிலோவுக்கு மேல். மாட்டிலிருந்து வரும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும் என்பதால், ஒரு மாட்டின் பங்கு ஆண்டுக்கு 2.1 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 3.1 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. தினமும் 4 லிட்டர் பாலுக்குச் சமமான ஆற்றல், விலை கொடுத்து வாங்கிய தீவனத்திலிருந்து ஏப்பமாகப் போய்விடுகிறது.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் பசுவினம் 19.3 கோடி, எருமை சுமார் 11 கோடி. மீத்தேன் காற்றில் தங்குவது 12 ஆண்டுகள் அளவுக்குத்தான். இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும் வாயு இது. அதனால்தான் ‘மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்மானம்’ என்ற பெயரில் பொடி, பாசி, எண்ணெய், இலை என்று பலவும் வரத் தொடங்கியிருக்கின்றன. எதை நம்புவது என்பதற்கு, மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹைட்ரஜனுக்கு ஒரு வாசல்

மீத்தேன் மாட்டின் பின்பக்கத்திலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய், மூக்கு வழியாகத்தான் வருகிறது. அது உருவாகும் இடம் அசையூண் வயிறு, அதாவது மாட்டின் நான்கு அறை வயிற்றில் முதலாவதான பெரிய அறை. அங்கே ஆக்சிஜன் இல்லை. வைக்கோலிலும் புல்லிலும் உள்ள நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து அசிட்டிக், பியூட்டிரிக், புரோப்பியோனிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாடு உயிர் வாழ்வது பெரும்பாலும் இந்த அமிலங்களை உறிஞ்சித்தான். அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்கள் உருவாகும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. புரோப்பியோனிக் அமிலம் உருவாகும்போது ஹைட்ரஜன் செலவாகிறது.

வெளிப்பட்ட ஹைட்ரஜன் அங்கேயே தேங்கினால் நொதித்தலே மந்தமாகிவிடும். அதை அள்ளிக்கொண்டு போக ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இவை பாக்டீரியா அல்ல, தனி இனம். நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கரியமில வாயு மூலக்கூறோடு சேர்த்து மீத்தேனும் தண்ணீரும் ஆக்குகின்றன. ஆக, மீத்தேன் என்பது அசையூண் வயிற்றிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் வாசல். மாட்டுக்கு அது வெறும் கேடு அல்ல. அந்த வாசல் இருப்பதால்தான் வைக்கோல் செரிக்கிறது.

சந்தைக்கு வரும் எந்தச் சேர்மானத்தையும் இந்த ஒரு கேள்வியால் எடைபோடலாம்: ஹைட்ரஜனை இது என்ன செய்கிறது? உருவாவதையே குறைக்கிறதா, வேறு வழியில் திருப்புகிறதா, அல்லது வாசலைப் பூட்டிவிட்டு ஹைட்ரஜனை உள்ளே நிறுத்துகிறதா? மூன்றாவது வகைதான் பெரிய சதவீதங்களைக் காட்டும். மாட்டிடமும் கொட்டிலிடமும் அதிகம் கேட்பதும் அதுவே.

வாசலைப் பூட்டும் பொடி

இந்த வகையில் மிக நன்றாக ஆராயப்பட்டது 3-நைட்ராக்சிபுரோப்பனால். சுருக்கமாக 3-என்ஓபி. டிஎஸ்எம் நிறுவனம் இதை ‘போவேர்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆர்க்கியா மீத்தேன் செய்யும் கடைசிப் படியில் நிக்கல் அடங்கிய ஒரு நொதி வேலை செய்கிறது. 3-என்ஓபி அந்த நொதிக்குள் பொருந்தி, நிக்கலை ஆக்சிஜனேற்றம் செய்து, நொதியை முடக்கிவிடுகிறது. பிறகு அதுவே உடைந்து போய்விடுகிறது. பிற நுண்ணுயிர்களை அது பெரிதாகத் தொடுவதில்லை.

அளவு மிகச் சிறியது. உலர் தீவனத்தில் கிலோவுக்கு 60 மில்லிகிராம். 10 கிலோ தின்னும் மாட்டுக்கு 600 மில்லிகிராம். விற்பனைப் பொடியில் மூலப்பொருள் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் 6 கிராம் பொடி. 2015இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கறவை மாடுகளை 12 வாரம் வைத்துப் பார்த்ததில் மீத்தேன் சுமார் 30 சதவீதம் குறைந்தது. பிரேசிலும் சிலியும் 2021இல் அனுமதித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல், கனடாவும் அமெரிக்காவும் 2024இல்.

பென்சில்வேனியச் சோதனைக்கு ஓராண்டு முன்பு, 2014இல், பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அங்கே இதே பொருளைத் தீவனத்தில் கலக்காமல், நேராக அசையூண் வயிற்றுக்குள் மொத்தமாகச் செலுத்தினார்கள். நாளுக்கு 2,500 மில்லிகிராம், அதாவது நாம் மேலே கணக்கிட்டதைப் போல நான்கு மடங்கு கொடுத்தும் மீத்தேன் 10 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது. காரணம் எளிது. 3-என்ஓபி சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். உள்ளே இருக்கும்வரை மீத்தேன் சடாரென்று இறங்கும், தீர்ந்ததும் பழைய அளவுக்கு ஏறிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைக்கும் முழுக் கலப்புத் தீவனம் தின்னும் மாடு ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் பெறுகிறது. மொத்தமாகப் பெறும் மாட்டுக்கு அது கிடையாது.

நம் ஊர்க் கொட்டிலில் தீவனம் எப்படிப் போகிறது? காலையும் மாலையும் கறவை நேரத்தில் தவிடும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனம். இடைப்பட்ட நேரமெல்லாம் வைக்கோலும் புல்லும். நடுவில் மேய்ச்சல். அடர்தீவனத்தில் கலந்த பொடி காலை 6 மணிக்கு உள்ளே போனால், பகல் முழுவதும் தின்னும் வைக்கோல் பெரும்பாலும் பூட்டில்லாத வயிற்றில்தான் நொதிக்கும். மேய்ச்சலை நம்பிய நியூசிலாந்து இதே சிக்கலில்தான் இருக்கிறது. வயிற்றுக்குள் தங்கி மெல்ல மெல்லக் கரையும் குளிகைகளை அங்கே உருவாக்க முயல்வது அதனால்தான். இன்னொன்றும் உண்டு: தீவனத்தில் நார்ச்சத்து கூடக்கூட 3-என்ஓபியின் வேகம் குறைகிறது. மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லில் வந்த 30 சதவீதத்தை நெல் வைக்கோலில் எதிர்பார்க்கக் கூடாது.

மீத்தேனாகப் போன ஆற்றல் பாலாகத் திரும்பும் என்ற எதிர்பார்ப்பும் பெரும்பாலும் நிறைவேறவில்லை. பூட்டிய வாசலுக்குப் பின்னால் சேரும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி அப்படியே வாயுவாக வெளியேறுகிறது. 3-என்ஓபி கொடுத்த மாடுகளின் மூச்சில் அதை அளந்திருக்கிறார்கள். தீவனம் தின்பதும் சற்றுக் குறையலாம். பென்சில்வேனியச் சோதனையில் மாடுகளின் உடல் எடை கூடியது, பால் கூடவில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை, சொன்ன அளவில் மாட்டுக்கும் பால் குடிப்பவருக்கும் பாதுகாப்பானது என்றது. பொடியைக் கையாளுபவருக்குத் தோல், கண் எரிச்சலும் மூச்சில் போனால் தீங்கும் உண்டு என்றும் சொன்னது. கையுறையும் முகமூடியும் அதற்காகத்தான். 2024 இறுதியில் பிரிட்டனில் ஆர்லா என்ற பால் நிறுவனம் 30 பண்ணைகளில் சோதனை அறிவித்தபோது மக்கள் பாலைக் கொட்டிப் படமெடுத்துப் போட்டார்கள். பொடி மாட்டின் உடலிலேயே சிதைந்துவிடுகிறது, பாலுக்குப் போவதில்லை என்று அந்நாட்டு உணவுத் தர முகமை விளக்க வேண்டி வந்தது. டென்மார்க்கில் 50 மாடுகளுக்கு மேல் உள்ள வழக்கமான பண்ணைகள், ஆண்டில் 80 நாளாவது இந்தப் பொடியையோ அதற்கு ஈடாகக் கூடுதல் கொழுப்பையோ தர வேண்டும் என்று 2025இல் விதி வந்தது. இலையுதிர் காலத்தில் பலர் ஒரே சமயத்தில் தொடங்கினார்கள். மாடுகள் தீவனம் எடுக்கவில்லை, பால் விழுந்தது, கழிச்சல் கண்டது என்று சில பண்ணையாளர்கள் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் ஆராயத் தொடங்கினார்கள். பக்கத்து நாடான நார்வேயில் பயன்பாட்டை நிறுத்திவைத்தார்கள். சோதனைப் பண்ணையின் சில பத்து மாடுகளும் ஒரு நாட்டின் ஆயிரக்கணக்கான கொட்டில்களும் ஒன்றல்ல.

சிவப்புப் பாசி

அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி இதைவிடப் பெரிய எண்களோடு வந்தது. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆராய்ச்சியாளர்கள் சோதனைக் குடுவையில் 2 சதவீதம் சேர்த்தபோது மீத்தேன் அநேகமாக இல்லாமலே போனது. தானியம் மிகுந்த தீவனம் தின்ற இறைச்சி மாடுகளில், உலர் தீவனத்தில் 0.2 சதவீதம் அளவு கொடுத்ததில் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வேலை செய்வது பாசியில் உள்ள புரோமோஃபார்ம். அதுவும் ஆர்க்கியாவின் மீத்தேன் செய்யும் பாதையைத்தான் மறிக்கிறது.

புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும். வெயிலில் காயவைத்து மூட்டையில் வைத்த பாசியில் சில மாதங்களில் சரக்கு இருக்காது. அதனால் உறையவைத்து உலர்த்துகிறார்கள், அல்லது ஈரம் போகாமல் எண்ணெயில் ஊறவைக்கிறார்கள், இரண்டும் செலவு. கறவை மாடுகளில் அளவு கூடினால் தின்பதும் பாலும் குறைந்தன. பாலில் அயோடினும் புரோமைடும் பன்மடங்கு ஏறின. நெதர்லாந்தில் ஒரு சோதனையில் புரோமோஃபார்மே பாலிலும் சிறுநீரிலும் தென்பட்டது. வெட்டிப் பார்த்த மாடுகளின் அசையூண் வயிற்றுச் சுவரில் அழற்சி இருந்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகைப்படுத்தியுள்ள பொருள் இது என்பதால், கறவை மாட்டு விஷயத்தில் அவசரம் கூடாது.

ராமநாதபுரம் கடலோரத்தில் மிதவை கட்டி வளர்க்கும் பாசி கப்பாபைகஸ். அது உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கேரஜீனன் எடுப்பதற்கானது, புரோமோஃபார்முக்கானது அல்ல. ‘கடற்பாசித் தீவனம் மீத்தேனைக் குறைக்கும்’ என்ற ஒற்றை வரியை வைத்துக் கப்பாபைகஸ் சக்கையை மாட்டுக்குப் போட்டால் தாது உப்பு கொஞ்சம் கிடைக்கும். 90 சதவீதம் கிடைக்காது. எந்தப் பாசி என்று கேட்காமல் பாசி என்ற பெயரில் எதையும் வாங்க வேண்டாம்.

நைட்ரேட்: தெரிந்துகொள்ள வேண்டியது, செய்யக் கூடாதது

நைட்ரேட் ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுத்து அம்மோனியா ஆகிவிடும். கணக்குப்படி 100 கிராம் நைட்ரேட் 25.8 கிராம் மீத்தேனைத் தடுக்கும். கூடவே 49 கிராம் யூரியாவுக்குச் சமமான நைட்ரஜனையும் தரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாதி வழியில் அது நைட்ரைட் ஆகிறது. நைட்ரைட்டை அடுத்த படிக்குக் கொண்டுபோகும் நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரம் பிடிக்கும். அதற்குள் அளவு கூடினால் நைட்ரைட் ரத்தத்துக்குப் போய், சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ரத்தம் சாக்லேட் நிறமாகும், மாடு மூச்சிரைத்து விழும். மருத்துவர் உடனே வந்து மெத்திலீன் நீலம் நரம்பில் ஏற்றினால்தான் பிழைக்கும். வறட்சியில் வாடி, யூரியா அதிகம் போட்ட தீவனச் சோளத்திலும் புல்லிலும் ஏற்கெனவே நைட்ரேட் இருக்கும் ஊரில், அளவு தெரியாமல் இன்னும் சேர்ப்பது மாட்டைக் கொல்வதற்குச் சமம். வீட்டில் கலக்கும் பொருள் அல்ல இது.

கொழுப்பு: கையில் இருப்பது

நம் கொட்டிலில் உடனே செய்யக்கூடியதில் முதலிடம் இதற்குத்தான். கொழுப்பு அசையூண் வயிற்றில் நொதிப்பதில்லை, அதனால் ஹைட்ரஜனும் இல்லை. நுண்ணுயிர்களில் ஒரு பகுதியை, குறிப்பாக ஆர்க்கியா ஒட்டிக்கொண்டு வாழும் ஒற்றைச்செல் உயிர்களான புரோட்டோசோவாவை, அது அடக்குகிறது. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக், மிரிஸ்டிக் அமிலங்களுக்கு இந்தக் குணம் மிகுதி. உலர் தீவனத்தில் கொழுப்பு ஒரு சதவீதப் புள்ளி கூடினால் மீத்தேன் 3.5 முதல் 5 சதவீதம் வரை குறையும் என்று பல சோதனைகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள்.

எல்லை 6 சதவீதம். அதைத் தாண்டினால் நார் செரிப்பது கெடும், பாலில் கொழுப்பு விழும், மாடு தீவனத்தை ஒதுக்கும். நம் 10 கிலோ மாட்டுக்குக் கணக்குப் போடுவோம். வைக்கோல் 4 கிலோ, கோ-4 புல் 15 கிலோ, அடர்தீவனம் 4 கிலோ. ஈரம் கழித்தால் சுமார் 10 கிலோ. இதில் இயல்பாக உள்ள கொழுப்பு 250 முதல் 300 கிராம். 600 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆக 300 கிராம் இடம் இருக்கிறது.

அந்த இடத்தை எண்ணெயை ஊற்றி நிரப்ப வேண்டாம். எண்ணெய் மொத்தமாக நாரின் மேல் படிந்து நுண்ணுயிரை அண்டவிடாது. விதைக்குள் இருக்கும் கொழுப்பு மெல்ல வெளிவரும். பருத்திக்கொட்டையில் 18 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு. அடர்தீவனத்தில் ஒரு கிலோவைக் குறைத்து ஒரு கிலோ பருத்திக்கொட்டை வைத்தால் நிகரமாக 160 கிராம் கொழுப்பு கூடும், அதாவது 1.6 புள்ளி, மீத்தேன் 6 முதல் 8 சதவீதம் இறங்கும். பெரிய மாட்டுக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். கன்றுக்குக் கூடவே கூடாது, அதில் உள்ள காசிபால் நச்சைக் கன்றின் வயிறு தாங்காது.

ஏற்கெனவே தினமும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்து ஊற்றுபவரின் கொட்டிலில் இந்த இடம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அவர் இதற்கு மேல் எண்ணெய்ப் புண்ணாக்கையும் கூட்டினால் மீத்தேனோடு பாலின் கொழுப்பும் இறங்கி, சங்கத்தில் விலை அடிபடும். முதலில் என்ன போகிறது என்று எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சேர்க்க வேண்டும்.

விதை வாங்க முடியாதவருக்குத் தவிடு இருக்கிறது. ஆனால் எந்தத் தவிடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெய் எடுத்த தவிட்டில் கொழுப்பு ஒரு சதவீதம் சொச்சம். எண்ணெய் எடுக்காத பச்சரிசித் தவிட்டில் 13 முதல் 15 சதவீதம். ஆனால் சில நாட்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும், மாடு முகர்ந்துவிட்டு விலகும். புழுங்கல் அரிசித் தவிட்டில் வேகவைத்தபோதே எண்ணெயைக் கெடுக்கும் நொதி செத்துவிடுவதால் பல வாரம் தாங்கும், எண்ணெயும் சற்று அதிகம். புண்ணாக்கிலும் அப்படியே. செக்கிலும் எக்ஸ்பெல்லரிலும் ஆட்டிய தேங்காய்ப் புண்ணாக்கில் 8 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் தங்கும், கரைப்பான் கொண்டு எடுத்ததில் ஒன்றும் இருக்காது.

‘பைபாஸ் கொழுப்பு’ என்று விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது அசையூண் வயிற்றில் கரையாதபடி செய்யப்பட்டது. கறவை தொடங்கிய மாட்டுக்கு ஆற்றல் தர நல்லது. ஆர்க்கியாவையும் புரோட்டோசோவாவையும் தொடாமலே கடந்துவிடுவதால், மீத்தேனைக் குறைக்க அதை வாங்குவது வீண்.

சேர்க்கும் முறை: மூன்று வாரத்தில் படிப்படியாக. முதல் வாரம் 250 கிராம் விதை, இரண்டாம் வாரம் 500, மூன்றாம் வாரம் 750, பிறகு ஒரு கிலோ. சாணத்தைப் பார்க்க வேண்டும். செரிக்காத நீள நார் தெரிந்தாலோ பாலின் கொழுப்பு 0.3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ ஒரு படி பின்வாங்கி, அந்த அளவிலேயே 10 நாள் நிற்க வேண்டும்.

புளியங்கொட்டைத் தோலும் மர இலையும்

பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இந்தியத் தீவனத்தை மனத்தில் வைத்து வேலை செய்த இடம். புளியங்கொட்டைப் பொடி, நூலுக்கும் சணலுக்கும் கஞ்சி போடப் போகிறது. பொடியாக்கும் முன் உரித்தெடுக்கும் தோல் கழிவாக மிஞ்சும். அதில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. அந்தத் தோலை வைத்து முதலில் ‘டாமரின் பிளஸ்’ என்ற சேர்மானத்தைச் செய்தார்கள். பிறகு டானின் உள்ள பல தாவரப் பொருட்களைக் கொண்டு ‘ஹரித் தாரா’ வந்தது. பெரிய மாட்டுக்கு நாளுக்கு 500 கிராம், மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும் என்பது நிறுவனம் சொன்ன அளவு. 2021இல் சொல்லப்பட்ட செலவு கிலோவுக்கு சுமார் 6 ரூபாய், அதாவது நாளுக்கு 3 ரூபாய். 3-என்ஓபியின் 30 சதவீதத்தோடு வைத்தால் சிறிய எண்தான். ஆனால் இது வைக்கோலும் அடர்தீவனமும் தின்னும் மாட்டுக்காகவே செய்யப்பட்டது. கையில் அள்ளிப் போடும் அளவில் இருக்கிறது, 6 கிராமை 10 கிலோவில் சீராகக் கலக்கும் தொல்லை இல்லை.

டானினின் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்க்கியாவையும் புரோட்டோசோவாவையும் நேராக அடக்குவது ஒன்று; அது வேண்டியது. நார் செரிப்பதையே குறைத்து அதனால் ஹைட்ரஜனும் குறைவது இன்னொன்று; அது போலி லாபம். உலர் தீவனத்தில் 2 முதல் 3 சதவீதம் வரை டானின் இருந்தால் முதல் வேலை நடக்கும். புரதத்தோடு சேர்ந்து அதை அசையூண் வயிற்றில் சிதையவிடாமல் கீழே அனுப்பும் நன்மையும் உண்டு. 5 சதவீதத்தைத் தாண்டினால் வாய் துவர்த்து மாடு தின்பதைக் குறைக்கும். நம் 10 கிலோ மாட்டுக்கு 200 முதல் 300 கிராம் டானின் என்று பொருள். புரதம் போதாத வெறும் வைக்கோல் தீவனத்தில் டானினைச் சேர்ப்பது, இருக்கும் கொஞ்சப் புரதத்தையும் கட்டிப்போடுவதாகும். பசுந்தீவனமோ புண்ணாக்கோ இருந்தால்தான் டானின்.

சூபாபுல் இலை நல்ல புரதமும் டானினும் சேர்ந்தது. அதிலுள்ள மைமோசின் தனி ஆபத்து. முடி உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்திரேலிய மாடுகள் இதைத் தின்று நோய்ப்பட்டபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் மட்டும் தின்றும் நன்றாக இருந்ததைக் கண்டு, அவற்றின் வயிற்றிலிருந்து பாக்டீரியாவை எடுத்துப் போய் ஆஸ்திரேலிய மாடுகளுக்குச் செலுத்தித் தீர்த்தார்கள். வயிற்றுக்குள் யார் வாழ்கிறார்கள் என்பதே பாதி விடை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பூந்திக்கொட்டை போன்றவற்றில் உள்ள, நுரை தரும் பொருளான சபோனின் புரோட்டோசோவாவைக் கொல்லும். குடுவையில் நல்ல பலன். மாட்டில் சில வாரங்களில் பலன் மங்கிவிடுகிறது, நுண்ணுயிர்கள் சபோனினைச் சிதைக்கப் பழகிவிடுகின்றன. ஒரு பொருளை இரண்டு வாரம் மட்டும் சோதித்த முடிவைக் காட்டி விற்பவரிடம் பன்னிரண்டாம் வாரத்தில் என்ன ஆனது என்று கேட்க வேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்

‘20 சதவீதம் குறைவு’ என்றால் எதில்? ஒரு நாளைக்கு ஒரு மாட்டுக்கா, தின்ற ஒரு கிலோவுக்கா, கறந்த ஒரு லிட்டருக்கா? துவர்ப்பு தாங்காமல் மாடு 15 சதவீதம் குறைவாகத் தின்றால் மீத்தேனும் அந்த அளவுக்குக் குறையும். அது சாதனை அல்ல, பட்டினி. தின்ற கிலோவுக்கு எவ்வளவு என்ற எண்ணைக் கேட்டால் இது வெளிப்பட்டுவிடும். எப்படி அளந்தார்கள் என்பதும் முக்கியம். மாட்டை மூடிய அறையில் வைத்து உள்ளே போகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் அளப்பது துல்லியமானது, ஆனால் சில மாடுகளையே வைக்க முடியும். சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுக் குழாயை வயிற்றில் வைத்து மூச்சை அளப்பது மேய்ச்சலுக்கு ஏற்றது. தீவனம் கொடுத்துத் தலையை உள்ளே இழுத்து மூச்சை உறிஞ்சும் பெட்டி, நாளில் சில நிமிடங்களை மட்டுமே பார்க்கிறது. தின்று ஓரிரு மணி நேரத்தில் மீத்தேன் உச்சத்துக்குப் போய் இறங்கும் என்பதால், எந்த நேரத்தில் அளந்தது என்று தெரியாத எண்ணுக்கு மதிப்பில்லை.

லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு நம் நாட்டுக்குத் தனிச் செய்தி சொல்கிறது. 8 கிலோ தின்று 5 லிட்டர் கறக்கும் மாடு 172 கிராம் மீத்தேன் விடும். லிட்டருக்கு 34 கிராம். 11 கிலோ தின்று 10 லிட்டர் கறந்தால் 237 கிராம், லிட்டருக்கு 24. எந்தப் பொடியும் இல்லாமலே 30 சதவீத வித்தியாசம். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் கிராமத்துக் கொட்டில்களில் இருக்கும் தீவனத்தையே கணக்குப் பார்த்துச் சமன் செய்த திட்டத்தில், லிட்டருக்கான மீத்தேன் 12 முதல் 15 சதவீதம் வரை குறைந்ததாக அளந்திருக்கிறார்கள். இதில் ஒரு நேர்மையான எச்சரிக்கையும் உண்டு: மாடுகளின் எண்ணிக்கை குறையாமல் ஒவ்வொன்றும் அதிகம் தின்றால் நாட்டின் மொத்த மீத்தேன் கூடும். லிட்டர் கணக்கு மட்டும் போதாது.

கறக்காத நாட்களின் மீத்தேனையும் பாலின் கணக்கில்தான் எழுத வேண்டும். சினை பிடிக்காமல் நிற்கும் மாடும் தினமும் 150 கிராமுக்கு மேல் விடுகிறது. கன்று ஈனும் இடைவெளி 18 மாதமாக இருப்பதை 14க்குக் கொண்டுவந்தால் அந்த நான்கு மாத மீத்தேன் மிச்சம். சினை பிடிக்காததற்குப் பல கொட்டில்களில் காரணம் பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரப் பற்றாக்குறை. நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை அதைச் சரிசெய்கிறது. மீத்தேனைக் குறைக்கும் சேர்மானங்களின் பட்டியலில் அதை யாரும் எழுதுவதில்லை. நான் முதலில் அதைத்தான் எழுதுவேன்.

யார் செலவு செய்வது

30 சதவீதக் குறைப்பு என்றால் ஒரு மாட்டுக்கு ஆண்டில் 24 கிலோ மீத்தேன், 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கார்பன் சந்தையில் டன்னுக்கு 1,000 ரூபாய் கிடைத்தாலும் 640 ரூபாய். நாளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். அளப்பதற்கும் சான்று வாங்குவதற்கும் ஆகும் செலவு இதற்குள் அடங்காது. இரண்டு மாடு வைத்திருப்பவர் கார்பன் காசை நம்பிச் சேர்மானம் வாங்க முடியாது. டென்மார்க் வேறு வழியில் போகிறது: 2030 முதல் கால்நடை வாயுவுக்கு டன்னுக்கு 300 குரோனர் வரி, 2035இல் 750, அதில் 60 சதவீதம் கழிவு. நியூசிலாந்தில் 2022இல் முன்மொழிந்த ஏப்ப வரியை 2024இல் கைவிட்டார்கள். இங்கே வரியும் இல்லை, பரிசும் இல்லை. அதனால் மாடு வைத்திருப்பவருக்குப் பாலிலோ சினையிலோ தானாகத் திரும்பி வரும் சேர்மானம் மட்டுமே நிலைக்கும்.

அந்த வரிசை இப்படி அமையும். முதலில் தீவன அளவு: உடலைக் காக்க ஒன்றரை கிலோ அடர்தீவனம், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ, கூடத் தாது உப்பு 50 கிராம். அடுத்து வைக்கோல்: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்துத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் செரிமானமும் புரதமும் கூடும், கரையாத யூரியாக் கட்டி ஒன்று வாயில் போனாலும் மாடு சாகும், எனவே கரைத்த தொட்டியின் அடியைக் கையால் துழாவிப் பார்க்க வேண்டும். எடுத்துப் போடும் முன் கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். இது ஒரு மாதம் நிலைத்த பிறகு கொழுப்பு. கொழுப்பு நிலைத்த பிறகு டானின். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், மாடு தீவனத்தை ஒதுக்கும்போது எதனால் என்று தெரியாது. கன்றுக்கு மூன்று மாதம் முடியும்வரை இவற்றில் எதுவும் வேண்டாம். அதன் அசையூண் வயிறு அதுவரை முழுதாக வேலையைத் தொடங்கியிருக்காது. யூரியா வைக்கோலுக்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும்.